பாரிஸின் கோத்திக் ஆலயங்களை முறையாகப் பார்ப்பது எப்படி?

பாரிஸுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் கோத்திக் கட்டடக் கலை என்றதும் நேராக நோத்ர் தாம் பேராலயத்துக்குப் போய், வரிசையில் நின்று, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்ப்பதால் கட்டடத்தின் பிரம்மாண்டம் மனத்தில் நிற்குமே தவிர, அவ்வளவு உயரமான கல் கூரையை அவ்வளவு மெலிந்த தூண்கள் எப்படித் தாங்குகின்றன, சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி எப்படி வந்தது என்ற கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை. ஆகவே நான் பரிந்துரைப்பது வேறொரு முறை. கட்டப்பட்ட கால வரிசையிலேயே இந்த ஆலயங்களைப் பார்க்கவேண்டும். 1144இல் சேன் தெனியில் தொடங்கி, 1163இல் அடிக்கல் நாட்டப்பட்ட நோத்ர் தாமைக் கடந்து, 1248இல் அர்ச்சிக்கப்பட்ட சேந்த் ஷப்பேலுக்கு வந்து, 15ஆம் நூற்றாண்டின் சேன் செவ்ரேனில் முடித்தால், ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் கற்சுவர் எப்படிக் கரைந்து காணாமற்போனது என்பதையும், அதற்குப் பின் வந்தவர்கள் எதில் கவனம் செலுத்தினார்கள் என்பதையும் யாரும் விளக்காமலேயே புரிந்துகொள்ளலாம். இதற்கு இரண்டு முழு நாட்கள் போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைப்பவர்கள் கழுத்து வலியோடுதான் திரும்புவார்கள்.

புறப்படுவதற்கு முன் கட்டடத்தின் அடிப்படையைத் தெரிந்துகொள்வது நல்லது. கோத்திக் கூரை என்பது குடைக்கம்பிகளைப்போல விரியும் கல் விலாக்களின்மேல் பரப்பப்பட்ட மெல்லிய கல் ஓடு. அந்த விலாக்கள் கூரையின் பாரத்தைத் திரட்டித் தூண்களின் தலைக்குக் கொண்டுவருகின்றன. அரைவட்ட வளைவுக்குப் பதிலாகக் கூரான வளைவைப் பயன்படுத்தியதால், அகலம் வேறுபட்ட இடைவெளிகளுக்குமேலும் ஒரே உயரத்தில் வளைவு எழுப்ப முடிந்தது; வளைவு பக்கவாட்டில் தள்ளும் விசையும் குறைந்தது. எஞ்சிய தள்ளுவிசையைக் கட்டடத்துக்கு வெளியே நிற்கும் கனத்த கல் முட்டுகள், பக்கக் கூரைகளுக்குமேல் பாய்ந்து வரும் தாங்கு வளைவுகளின் வழியாக ஏற்றுக்கொள்கின்றன. இதனால் சுவருக்குச் சுமை தாங்கும் வேலை ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. அந்த இடத்தைக் கண்ணாடி எடுத்துக்கொண்டது. இதை நினைவில் வைத்துக்கொண்டால், ஒவ்வோர் ஆலயத்தையும் முதலில் வெளியில் சுற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு உள்ளே நுழையவேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்பது விளங்கும்.

கையில் இருக்கவேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: ஒரு சிறிய தொலைநோக்கி. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் உள்ள கதைகளில் பாதிக்குமேல் வெறுங்கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. கைபேசியின் கேமராவைப் பெரிதாக்கிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

முதல் நாள் காலை: சேன் தெனி

சேன் தெனி பாரிஸின் வடக்கு எல்லைக்கு அப்பால் உள்ள தனி நகரம். அங்கு செல்ல 13ஆம் எண் மெட்ரோவில் ஏறி ‘பசிலிக் த சேன் தெனி’ நிலையத்தில் இறங்கவேண்டும். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த, நம்மவர்கள் லாச்சப்பல் என்று அழைக்கும் பகுதியில் தங்குபவர்கள், அங்கிருந்து 2ஆம் எண் மெட்ரோவில் பிளாஸ் த கிளிஷி வரை சென்று 13க்கு மாறலாம். 13ஆம் எண் பாதை வழியில் இரண்டாகப் பிரிவதால், வரும் ரயில் சேன் தெனி பக்கம் போகிறதா என்பதை நடைமேடையில் உள்ள பலகையில் பார்த்துவிட்டு ஏறவேண்டும். ஞாயிறு காலையில் திருப்பலி நடப்பதால் அன்று நண்பகலுக்குப் பின்னரே அரசர்களின் கல்லறைகளைப் பார்க்க முடியும். வேறு நாளாக இருந்தால் வசதி.

இந்த ஆலயத்தின் முகப்பு எவரையும் மயக்கிவிடாது. தெற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கோபுரம் நிற்கிறது. வடக்குக் கோபுரம் 19ஆம் நூற்றாண்டில் இடியாலும் புயலாலும் தளர்ந்து, 1846-47இல் கல் கல்லாகப் பிரித்து இறக்கப்பட்டது. அதை மீண்டும் எழுப்பும் பணி இப்போது நடந்துவருகிறது. உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தில் அதிக நேரம் நிற்காமல் நேராகக் கிழக்குக் கோடிக்குச் செல்லவும். நடுக்கூடம் வரை கட்டணமில்லை. கல்லறைகளும் பீடத்தைச் சுற்றிவரும் பாதையும் உள்ள பகுதிக்குச் சீட்டு வாங்கவேண்டும். கண்டிப்பாக வாங்கவும்.

பீடத்துக்குப் பின்னால் அரைவட்டமாகச் சுற்றிவரும் அந்தப் பாதைதான் கோத்திக் கலையின் பிறப்பிடம் என்று சொல்லத்தக்கது. மடாதிபதி சூஜே அதைக் கட்டி 1144 ஜூன் 11 அன்று அர்ச்சித்தார். சுற்றுப்பாதையின் நடுவே மெல்லிய தூண்கள் ஒரு வரிசையாக நிற்க, அவற்றுக்கப்பால் சிற்றாலயங்கள் ஒன்றோடொன்று கலந்து, இடையில் சுவரே இல்லாமல் விரிகின்றன. ஒரு தூணின் அருகில் நின்று அதன் தலையிலிருந்து புறப்படும் விலாக்கள் எந்தெந்தத் திசைக்குப் போகின்றன என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். பிறகு கீழே நிலவறைக்கு இறங்கினால், அரைவட்ட வளைவுகளும் தடித்த சுவர்களும் கொண்ட பழைய முறையை அங்கே காணலாம். இரண்டுக்கும் இடையே சில படிக்கட்டுகள்தான் இருக்கின்றன. தலைக்குமேல் தெரியும் பெரிய சாளரங்கள் சூஜே காலத்தவை அல்ல. 1231க்குப் பிறகு மேற்பகுதி முழுவதும் புதிதாகக் கட்டப்பட்டபோது வந்தவை. தூண்களுக்குமேல் ஓடும் நடைவழியின் பின்சுவரைக்கூட அப்போது கண்ணாடியாக மாற்றிவிட்டார்கள்.

பிரெஞ்சு அரசர்களில் மிகப் பெரும்பாலோர் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்கள். 1793இல் புரட்சியாளர்கள் கல்லறைகளைத் திறந்து எலும்புகளைக் குழியில் கொட்டினாலும், சிற்பங்களில் பெரும்பகுதி தப்பிவிட்டது. பன்னிரண்டாம் லூயி, அவர் மனைவி, பிரித்தானி பகுதியைச் சேர்ந்த அரசி ஆன் ஆகியோரின் கல்லறை கோத்திக் காலத்துக்குப் பிந்தையது. ஆயினும் அதைத் தவறவிடக் கூடாது. மேலே இருவரும் முழந்தாளிட்டு வணங்குகிறார்கள். கீழே அதே இருவரும் ஆடையில்லாத பிணங்களாகக் கிடக்கிறார்கள். குனிந்து பார்த்தால், உடலைப் பதப்படுத்த வயிற்றைக் கிழித்துத் தைத்த தையல்கூடப் பளிங்கில் செதுக்கப்பட்டிருப்பது தெரியும்.

முதல் நாள் பிற்பகல்: நோத்ர் தாம்

2019 ஏப்ரல் 15 அன்று நேர்ந்த தீ விபத்துக்குப் பின் மூடப்பட்டிருந்த நோத்ர் தாம், 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. உள்ளே செல்லக் கட்டணம் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், நுழைவுச்சீட்டு என்ற பெயரில் பணம் வாங்கும் இணையதளங்கள் பல இருக்கின்றன என்பதே. பேராலயத்தின் சொந்த இணையதளத்தில் இலவசமாக நேரம் பதிவு செய்யலாம். அந்தப் பதிவு ஓரிரு நாட்களுக்கு முன்னர்தான் திறக்கும். பதிவு கிடைக்காவிட்டாலும் வரிசையில் நின்று போகலாம்; பார்க்க நீளமாக இருந்தாலும் வரிசை விரைவாகவே நகரும். பெரிய பெட்டிகளை உள்ளே அனுமதிப்பதில்லை என்பதால் விமான நிலையத்திலிருந்து நேரே வருவது வீண். கோபுரம் ஏறுவது வேறு விஷயம்: அது 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது; கட்டணம் உண்டு; முன்பதிவு வேண்டும்; 424 படிகளை மின்தூக்கி இல்லாமல் ஏறவேண்டும். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் இதை விட்டுவிடலாம்; கட்டடத்தைப் புரிந்துகொள்வதற்கு அது இன்றியமையாதது அன்று.

4ஆம் எண் மெட்ரோவில் சிதே நிலையத்தில் இறங்குவதே எளிது. ஆனால் முதலில் முகப்புக்குப் போகாமல், செய்ன் நதியின் மேலுள்ள தூர்னெல் பாலத்துக்கு நடந்து சென்று ஆலயத்தின் பின்புறத்தைப் பாருங்கள். சுமார் 15 மீட்டர் நீளத்துக்குப் பாய்ந்து வந்து சுவரைத் தாங்கிப் பிடிக்கும் வளைவுகள் அங்கிருந்துதான் முழுமையாகத் தெரியும். பராமரிப்புப் பணிக்காகச் சில இடங்களில் சாரம் கட்டியிருக்கலாம். 96 மீட்டர் உயரக் கூர்முனையும் இப்போது புதிதாக எழுந்து நிற்கிறது. அது இடைக்காலத்தது அன்று, 1859இல் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் எழுப்பியதைத் தீக்குப் பின் அப்படியே மறுபடி செய்திருக்கிறார்கள். கோபுரத்தின் மேல்மாடத்தில் மோவாயில் கைவைத்து நகரைப் பார்க்கும் புகழ்பெற்ற விலங்குருவங்களும் அவர் காலத்துக் கற்பனைகளே. நீர் உமிழும் தூம்பு உருவங்கள் வேறு. அவை கூரையில் விழும் மழைநீரைச் சுவரில் படாமல் தூரத் தள்ளுவதற்காக அமைக்கப்பட்டவை. மழை பெய்தால் விடுதியில் முடங்காமல் குடையோடு வந்து அவை வேலை செய்வதைப் பார்க்கலாம்.

மேற்கு முகப்பின் மூன்று வாயில்களையும் பிற்பகல் சாய்வெயிலில் பார்க்கவேண்டும். அப்போதுதான் செதுக்கு வேலையின் ஆழம் தெரியும். வலப்புற வாயிலின் மேலுள்ள சிற்பத்தின் பெரும்பகுதி இப்பேராலயத்தைவிடப் பழையது. நடு வாயிலில் இறுதித் தீர்ப்பு சித்திரிக்கப்பட்டிருக்கிறது. ஆன்மாக்களை நிறுக்கும் தராசின் தட்டைத் தன் பக்கம் இழுக்க முயலும் பிசாசைத் தேடிப் பாருங்கள். 1771இல் ஊர்வல விதானம் நுழைய இடம் போதவில்லை என்று இந்த வாயிலின் நடுத்தூணையும் சிற்பத்தின் ஒரு பகுதியையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது 19ஆம் நூற்றாண்டில் திருத்தியமைத்தது. வாயில்களுக்குமேல் வரிசையாக நிற்கும் 28 அரசர்களும் யூதேயாவின் அரசர்கள்; அவர்களைப் பிரெஞ்சு மன்னர்கள் என்று எண்ணி 1793இல் தலைகளைத் துண்டித்தார்கள். அந்தத் தலைகளை மறுநாள் வேறோர் இடத்தில் பார்க்கப்போகிறோம்.

உள்ளே, தீயின் கரியோடு நூற்றாண்டுகளின் அழுக்கும் அகற்றப்பட்டதால், கல் வெளிர்மஞ்சளாக ஒளிர்கிறது. பழைய இருட்டில் இருந்த ஒரு கம்பீரம் இதில் குறைந்துவிட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு இந்த வெளிச்சமே பிடித்திருக்கிறது, ஏனெனில் விலாக்களின் ஓட்டம் இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது. பார்வையாளர் பாதை வடக்குப் பக்கமாகப் போய்க் கிழக்கைச் சுற்றித் தெற்குப் பக்கமாகத் திரும்புகிறது. கூட்டத்தோடு நகர்ந்துவிடாமல் இரண்டு இடங்களில் நில்லுங்கள்.

முதலாவது, நடுக்கூடமும் குறுக்குக்கூடமும் சந்திக்கும் இடம். சந்திப்பை ஒட்டிய பகுதியில் மட்டும் மேற்சுவர் நான்கு அடுக்குகளாக இருக்கும். நடைவழிக்குமேல் ஒரு சிறு சக்கரச் சாளரம், அதற்குமேல் ஒரு சிறிய சாளரம். மற்ற இடங்களில் இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய சாளரமாக இருக்கும். 12ஆம் நூற்றாண்டில் கட்டியவர்கள் வைத்தது சிறியது. ஆலயம் இருட்டாக இருக்கிறது என்று 13ஆம் நூற்றாண்டில் கீழ்நோக்கி உடைத்துப் பெரிதாக்கினார்கள். வியோலே-லெ-துக் பழைய அமைப்பைச் சந்திப்பருகே மட்டும் திரும்பக் கட்டிவைத்தார். இரண்டு தலைமுறைகளின் விருப்பமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இரண்டாவது, அதே இடத்திலிருந்து தெரியும் இரு பெரும் ரோஜாச் சாளரங்கள். ஒவ்வொன்றும் சுமார் 13 மீட்டர் விட்டம் கொண்டது. தெற்குச் சாளரத்தில் வெயில் நேரடியாக விழும். ஆனால் அதன் கண்ணாடி பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. 1250ஐ ஒட்டிச் செய்த வடக்குச் சாளரத்தில் நீலம் ஓங்கிய பழைய கண்ணாடியே பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது. வெயில் படாத திசையாதலால் நாள் முழுவதும் ஒரே சீரான ஒளி தருகிறது. தொலைநோக்கியை இங்கே எடுக்கவும். பாடகர் பகுதியைச் சுற்றியுள்ள 14ஆம் நூற்றாண்டு வண்ணக் கற்சிற்பத் தடுப்பையும் நடந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். திருப்பலி நடக்கும்போது பேச்சைக் குறைத்து, நடுக்கூடத்தைக் கடக்காமல் இருப்பது மரியாதை. தோளையும் முழங்காலையும் மூடிய உடை அணிந்திருப்பது நல்லது.

இரண்டாம் நாள்: சேந்த் ஷப்பேல், க்ளூனி, சேன் செவ்ரேன்

சேந்த் ஷப்பேலுக்கு நாளைத் தேர்வதில் ஒரே விதி: வெயில் அடிக்கும் நாளாக இருக்கவேண்டும். சிக்கல் என்னவென்றால், நேரம் குறித்த சீட்டை முன்னதாகவே வாங்கவேண்டியிருக்கிறது. ஆகவே வானிலை முன்னறிவிப்பை இரண்டு நாட்களுக்கு முன் பார்த்துவிட்டு வாங்குவதும், மேகமூட்டமென்றால் முதல் நாள் திட்டத்தோடு இடம் மாற்றிக்கொள்வதும் புத்திசாலித்தனம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2026 ஜனவரி முதல் கட்டணம் கூடுதல். ஆலயம் நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் பாதுகாப்புச் சோதனை கடுமையானது; சிறு கத்தி, கத்தரிக்கோல், கண்ணாடிப் புட்டி எதையும் கொண்டுபோகாதீர்கள். குறித்த நேரத்துக்கு அரைமணி முன்பே வரிசைக்கு வந்துவிடுவது பாதுகாப்பு. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுமாதலால், குளிர்காலத்தில் நண்பகலைச் சுற்றியே நேரம் எடுக்கவேண்டும்.

பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி, கிறிஸ்துவின் முள்முடி என்று நம்பப்பட்ட புனிதப் பொருளை 1239இல் பெற்று, அதை வைப்பதற்கென்றே தம் அரண்மனைக்குள் இதைக் கட்டினார். முடிக்குக் கொடுத்த விலை, ஆலயத்தைக் கட்டிய செலவைப்போல மும்மடங்குக்கு மேல். முள்முடி இப்போது நோத்ர் தாமில் இருக்கிறது. நுழையும்போது வருவது தாழ்ந்த கூரையுள்ள கீழ் ஆலயம், அரண்மனை ஊழியர்களுக்கானது. பலர் இதைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று நினைக்கிறார்கள். குறுகலான சுழல் படிக்கட்டில் ஏறவேண்டும்.

மேலே சுவர் இல்லை. 15 சாளரங்கள், பெரியவை ஒவ்வொன்றும் சுமார் 15 மீட்டர் உயரம், மொத்தம் 1,113 காட்சிகள். அவற்றைப் பிரிக்கும் கற்றூண்கள் உள்ளிருந்து பார்க்கும்போது மெல்லிய கட்டுகளாகத் தோன்றினாலும், அவற்றின் உண்மையான கனம் வெளிப்பக்கம் மறைந்திருக்கிறது. இங்கே பாயும் வளைவுகள் இல்லை. கட்டடத்தைச் சுற்றிக் கல்லுக்குள்ளும் சாளரங்களின் குறுக்கேயும் செலுத்தப்பட்ட இரும்புச் சங்கிலிகளும் கம்பிகளும் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கின்றன. சாளரங்களின் குறுக்கே ஓடும் கருங்கோடுகளைக் கவனித்தால் அவற்றில் சில தெரியும்.

காட்சிகளை வாசிக்க, பீடத்தை நோக்கி நின்று இடப்புறம் வாயிலை ஒட்டிய ஆதியாகமச் சாளரத்தில் தொடங்கி, கீழிருந்து மேலாகவும் இடமிருந்து வலமாகவும் செல்லவேண்டும். சுற்றி வந்து வலப்புறக் கடைசிச் சாளரத்தில் முள்முடி பாரிஸுக்கு வந்த கதை முடிகிறது. எல்லாவற்றையும் வாசிக்க முயலாதீர்கள். இந்த முதலும் முடிவும் போதும். காட்சிகளுக்கு இடையேயுள்ள பின்னணியில், சிவப்பில் மஞ்சள் கோட்டைகளையும் நீலத்தில் அல்லி மலர்களையும் காணலாம். கோட்டை, லூயியின் தாய் பிளான்ஷ் பிறந்த காஸ்டில் நாட்டின் சின்னம். அல்லி பிரான்சின் சின்னம். இந்தச் சிவப்பும் நீலமும் கலந்துதான் தரையில் அந்த ஊதா ஒளி விழுகிறது. சாளரங்களின் அடிப்பகுதி சற்றே மாறுபட்டுத் தெரிந்தால் அதற்கும் காரணம் உண்டு: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீதிமன்ற ஆவணங்களை அடுக்கும் அலமாரிகளுக்காகக் கீழ் இரண்டு மீட்டர் அளவுக்குக் கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். மேற்கிலுள்ள ரோஜாச் சாளரம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது. அதன் கற்சட்டங்கள் தீ நாக்குகளைப்போல நெளிகின்றன. நெளியும் அந்தக் கோடே அடுத்த காலத்தின் அடையாளம்.

பக்கத்திலுள்ள பழைய அரண்மனைப் பகுதியான கொன்சியெர்ஜெரியை மக்கள் அரசி மரி அந்துவானெத் சிறையிருந்த இடமாகவே அறிவார்கள். கோத்திக் நோக்கில் அங்கு பார்க்கவேண்டியது, 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அரண்மனை ஊழியர்கள் உணவருந்தக் கட்டிய 64 மீட்டர் நீளக் கீழ்க்கூடம் மட்டுமே. நேரம் குறைவென்றால் தவிர்க்கலாம்.

அங்கிருந்து பாலத்தைக் கடந்து தென்கரைக்கு வந்தால் பத்து நிமிட நடையில் க்ளூனி அருங்காட்சியகம், திங்கட்கிழமை விடுமுறை. நேற்றுக் குறிப்பிட்ட அரசர் தலைகளில் 21, 1977இல் ஒரு கட்டட வேலையின்போது மண்ணிலிருந்து கிடைத்து இங்கே வைக்கப்பட்டுள்ளன. முற்றத்திலிருந்து சிறு பொம்மைகளாகத் தெரிந்தவை எதிரே நிற்கும்போது நம் தலையைவிட மிகப் பெரியவை. மூக்கு உடைந்த முகங்களில் வண்ணப்பூச்சின் எச்சம் சில இடங்களில் ஒட்டியிருக்கிறது. இடைக்காலத்தில் இந்த முகப்புகள் வண்ணம் தீட்டப்பட்டிருந்தன என்பதற்கு அதுவே சான்று. சேந்த் ஷப்பேலின் மூலக் கண்ணாடித் துண்டுகளும் அப்போஸ்தலர் சிலைகள் சிலவும்கூட இங்கே கண்மட்டத்தில் இருக்கின்றன. ஈயக் கீற்றுகளின் இணைப்பையும், முகங்களில் தூரிகையால் இட்ட கோடுகளையும் அருகில் பார்க்க வேறு வாய்ப்பில்லை.

உணவகத் தெருக்களின் நடுவே ஒளிந்திருக்கும் சேன் செவ்ரேனுக்குக் கட்டணமும் இல்லை, கூட்டமும் அதிகமில்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய பீடத்தின் பின்புறத்தில் இரட்டைச் சுற்றுப்பாதை இருக்கிறது. அதன் நடுத்தூண் பிழிந்த துணிபோல முறுக்கிக்கொண்டு மேலேறி, தலைப்போதிகை எதுவும் இல்லாமல் நேரே விலாக்களாகப் பிரிந்து கூரையில் பரவுகிறது. சேன் தெனியில் கண்ட தூண்களை நினைவில் கொண்டுவந்து இதன் எதிரே சற்று உட்காருங்கள்: அங்கே பாரத்தைக் கடத்தவந்த விலா, இங்கே அழகுக்காகவே முறுக்கேறியிருக்கிறது. பின்னால் உள்ள வண்ணச் சாளரங்கள் 1970இல் ஓவியர் ஷான் பசேன் செய்தவை. உருவமே இல்லாத அவற்றைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. மாலை வெளிச்சத்தில் பார்த்தால் அவர்களும் மனம் மாறக்கூடும்.

மூன்றாம் நாள் கிடைத்தால் மூன்று இடங்களைச் சொல்வேன். லெ ஆல் பகுதியிலுள்ள சேந்த் ஒஸ்தாஷ், 1532இல் தொடங்கிய ஆலயம். உடல் கோத்திக், அணிகலன் மறுமலர்ச்சிக் கால மோஸ்தர். பாந்தெயோனின் பின்புறமுள்ள சேந்த் எத்தியென் து மோனில், பீடப் பகுதியை நடுக்கூடத்திலிருந்து பிரிக்கும், பாரிஸில் எஞ்சிய ஒரே கல் மேடைத் தடுப்பு சுழல் படிகளோடு நிற்கிறது. 1ஆம் எண் மெட்ரோவின் கிழக்குக் கடைசி நிலையமான வென்சென் கோட்டையில், ஐந்தாம் சார்லஸ் காலத்து 52 மீட்டர் உயரக் காவற்கோபுரத்தையும், சேந்த் ஷப்பேலைப் பார்த்து 1379இல் தொடங்கிய இன்னோர் ஆலயத்தையும் காணலாம். வென்சென் கோட்டையின் கோபுரத்துக்கும் ஆலயத்துக்கும் சீட்டு வேண்டும். முதல் இரண்டுக்கும் வேண்டாம். ஆனால் அவை வழிபாடு நடக்கும் பங்கு ஆலயங்களாதலால், நண்பகல் இடைவேளையும் திருப்பலி நேரமும் வாயிலில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நுழையவும்.